பல இயங்குதளங்களில் நிரலைத் தொகுக்கும்போது எழும் பிழைகள்

திறந்த மூல மென்பொருளின் மூலநிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவது தொகுப்பி. கம்பைலர் என்றே பலரும் சொல்வர். விண்டோஸில் சரியாகத் தொகுக்கப்பட்ட நிரல் லினக்ஸில் தொகுபட மறுப்பதும், தொகுபட்ட பின் தவறான விடை தருவதும் அடிக்கடி நிகழ்பவை. இவற்றில் பெரும்பாலானவை நிரலின் தர்க்கத்தில் உள்ள பிழைகள் அல்ல. தம் கணினியின் வழக்கமே எல்லாக் கணினிகளின் வழக்கம் என்று எழுதியவர் எண்ணிவிடுவதால் வருபவை.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல மாணவர்களுக்கு விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் கிடைத்தன. ஆகவே இது நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரிய சிக்கல்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவி ஒருவர் கட்டுரைகளில் உள்ள தமிழ்க் குறியீடுகளை எண்ணும் நிரலைச் சி மொழியில், விண்டோஸில் எழுதினார். பேருந்தில் அரைமணி நேரத் தொலைவிலுள்ள இராஜபாளையத்தில், என்னிடமிருந்த ராஸ்பெரி பை கணினியில் அதைத் தொகுத்தபோது மூன்று தடைகள் வந்தன.

முதலாவது, தலைப்புக் கோப்பு இல்லை என்ற செய்தி. கோப்போ கண்ணெதிரே இருந்தது. அதன் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்க, நிரலுக்குள் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும், லினக்ஸ் கொள்ளாது.

இரண்டாவது, வர்க்கமூலம் காணும் செயற்கூற்றை இணைப்பியால் கண்டுபிடிக்க முடியவில்லை. லினக்ஸில் கணித நிரலகம் தனியாக இருப்பதால், 'எல்எம்' என்ற தெரிவைக் கட்டளையின் கடைசியில் சேர்க்க வேண்டும். முன்னால் எழுதினால் சில வேளை பயனில்லாமல் போகும்.

மூன்றாவதுதான் பொல்லாதது. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் நிரல் ஓடியது. எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் விடை சுழியம்! யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கும். முதல் பைட் எப்போதும் 224. சி மொழியின் 'கேர்' வகை எதிர்ம எண்களைக் கொள்ளுமா என்பதை மொழியின் தரம் முடிவு செய்யவில்லை, தொகுப்பிக்கே விட்டுவிட்டது. இன்டெல் வகைச் செயலிகளில் பொதுவாகக் கொள்ளும் என்பதால் அங்கே 224 என்பது -32 ஆகத் தெரியும். மாணவி திரையில் கண்ட -32ஐயே நிரலில் எழுதிவிட்டார். ராஸ்பெரி பையின் ஏஆர்எம் செயலியில், லினக்ஸின் கீழ் 'கேர்' எதிர்ம எண்களைக் கொள்ளாது. அங்கே 224 என்பது 224தான், அது -32க்கு ஒருபோதும் சமமாகாது. 'அன்சைன்டு கேர்' என்று மாற்றி, 224 என்று எழுதியதும் இரண்டு ஊர்களிலும் ஒரே விடை வந்தது. ('கி' என்பது இரண்டு குறியீடுகளாக எண்ணப்படுவது வேறு சிக்கல், அதற்குத் தொகுப்பி பொறுப்பல்ல.) கோப்பின் முடிவை -1 எனச் சோதிக்கும் சுழற்சி முடிவில்லாமல் ஓடுவதற்கும் பலவேளை இதுவே காரணம்.

அந்தக் காலத்துப் படி ஊருக்கு ஊர் வேறுபட்டதுபோல, 'லாங்' என்ற எண்வகை 64 பிட் விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். அளவு முக்கியமான இடங்களில், 1999ஆம் ஆண்டுத் தரம் தந்த 'இண்ட்32_டி' போன்ற அளவு குறித்த வகைகளைப் பயன்படுத்தலாம். நிரலுக்குள் தமிழ்ச் சொற்கள் இருந்தால், மைக்ரோசாஃப்ட் தொகுப்பிக்கு யூடிஎஃப்-8 தெரிவைத் தனியே கொடுப்பது நல்லது. விண்டோஸில் சேமித்த கட்டளைக் கோப்பு லினக்ஸில் ஓடாவிட்டால் வரி முடிவுக் குறிகளைப் பார்க்கவும்.

இவை சிறு பிழைகளாகத் தோன்றலாம். ஆனால் ஈஸ்பீக் என்ஜி என்னும் திறந்த மூலப் பேச்சுப்பொறி தமிழையும் வாசிக்கும். அதன் ஒரே மூலநிரல் லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் தொகுபட வேண்டும். விண்டோஸில் என்விடிஏ திரைவாசிப்பான் வழியாகப் பார்வையற்றோர் அதைக் கேட்கின்றனர். அங்கே ஒரு தொகுப்புப் பிழை நேர்ந்தால், யாரோ ஒருவருக்குக் கணினி பேசாமல் போகும்.

பிழைகளைத் திருத்துபவர் முதல் செய்தியிலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. ஜிசிசி தொகுப்பியில் 'டபிள்யூ-ஆல்', 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' என்ற எச்சரிக்கைத் தெரிவுகளைச் சேர்த்திருந்தால், மேற்சொன்ன -32 ஒப்பீடு எப்போதும் பொய் என்பதை அதுவே சொல்லியிருக்கும். நான் அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் ஆயின. திருத்த முடியாத பிழையை மென்பொருளை உருவாக்கியோருக்கு எழுதும்போது இயங்குதளம், செயலி வகை, தொகுப்பியின் பதிப்பு, கொடுத்த கட்டளை, முதல் பிழைச்செய்தி ஆகியவற்றை முழுமையாகக் குறிப்பிடவும். செய்தியைப் படமாக அல்லாமல் எழுத்தாகவே ஒட்டினால் அவர்களால் தேடிப் பார்க்க முடியும்.