கையெழுத்துக்கு முன்னம் அம்மாவைக் கேளுங்கள்

2020 டிசம்பர் 2ஆம் திகதி, புதன்கிழமை இரவு. திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் ‘புரெவி’ சூறாவளி கரையைக் கடந்தது. எங்கள் வீடும் அந்தப் பக்கந்தான். அம்மாவுக்கு அப்போது 71 வயது. பின்னேரமே பாடசாலைக்குப் போய்விட்டோம். விடிந்து வந்து பார்த்தால் விறாந்தைக் கூரையின் சீற்றுகள் வேலியோரம் சிதறிக் கிடந்தன. தென்னை ஒன்று முறிந்து குசினிச் சுவரைச் சரித்திருந்தது.

நான் விளக்குமாற்றை எடுத்தேன். அம்மா தடுத்தார்.

“கூட்டாதை பிள்ளை. கிராம சேவகர் வந்து பாக்கட்டும். சுனாமிக்குப் பிறகு அவசரப்பட்டுத் துப்புரவாக்கின ஆக்கள் என்ன பாடுபட்டவை எண்டு மறந்துபோச்சோ?”

அதன்பின்தான் கைபேசியால் படம் எடுத்தேன். தென்னை விழுந்து கிடந்தபடி, சுவர் வெடித்தபடி, நனைந்த அரிசி மூட்டை உட்பட எல்லாவற்றையும் எடுத்தேன். கிராம சேவகர் வந்து பதிந்துகொண்டு போனார்.

சகோதரிகளே, போரில் எத்தனையோ தடவை வீட்டை விட்டு ஓடியவர்கள் நாங்கள். வீடு போனால் போனதுதான் என்று பழகிவிட்டோம். அதற்கு ஈடு கேட்கலாம் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. எனக்கும் வரவில்லை. அம்மாவின் பழைய பிஸ்கற் ரின்தான் வழி காட்டியது.

ரின்னுக்குள் இருந்த பற்றுச்சீட்டு

அது அம்மாவின் சீதன வளவு. உறுதி அவர் பெயரில்தான் இருக்கிறது. 2014இல் அந்த உறுதியை ஈடு வைத்து, தம்பியோடு சேர்ந்து ஒரு வங்கியில் வீட்டுக்கடன் எடுத்திருந்தார். கட்டிய பற்றுச்சீட்டுகளை ஒன்றும் தவறாமல் ரின்னில் போட்டு வைத்திருந்தார். அவற்றைப் புரட்டியபோது வருடத்துக்கு ஒருமுறை ‘காப்புறுதி’ என்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்கும்போது பெரும்பாலும் அந்த வீட்டைக் காப்புறுதி செய்யச் சொல்வார்கள். ஆறு வருடமாகப் பணம் கட்டியிருக்கிறோம். எதற்கென்று ஒருவரும் கேட்டதில்லை.

உடனே வங்கிக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்தோம். சில வாரம் கழித்து மதிப்பீட்டாளர் வந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வயது போனவருக்கு இதெல்லாம் என்ன விளங்கும் என்று நினைத்தேன். அது நான் விட்ட பிழை.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. 41,000 ரூபா தருவதாகவும், குசினி காப்புறுதியில் அடங்காது என்றும் எழுதியிருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு படிவம். வருவதே போதும் என்று எனக்குச் சந்தோஷம்.

“அம்மா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ.”

“இதிலை என்ன எழுதிக் கிடக்கு?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் ஒரு ஆசிரியையிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னோம். இந்தத் தொகையை முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன், இனி எதுவும் கேட்கமாட்டேன் என்பதுதான் அதன் பொருள். ஒப்பமிட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

அப்போதுதான் அம்மா சொன்னார்: “குசினி இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுவினம்? கடன் எடுக்கேக்கை வங்கியாலை ஆள் வந்து நாடா பிடிச்சுக் குசினியையும் அளந்தவர். நான்தானே தேத்தண்ணி குடுத்தனான்.”

வங்கியில் கேட்டு அந்த மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியை எடுத்தோம். குசினி அதில் அளவோடு இருந்தது. பிரதியை இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம். பிறகு 96,000 ரூபா என்று திருத்தி எழுதினார்கள். மதிப்பீட்டாளர் வந்த அன்று அம்மாவைக் கதைக்க விட்டிருந்தால் இந்த அலைச்சல் இருந்திராது.

ஏன் முழுத்தொகை வரவில்லை?

சேதம் அதைவிடக் கூட. ஆனால் வீட்டின் பெறுமதிக்குக் குறைவாகவே காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. 20 இலட்சம் பெறுமதியான வீட்டை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தால், 2 இலட்சம் சேதத்துக்கு 1 இலட்சமே தரும் விதி பல ஒப்பந்தங்களில் உண்டு. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதற்பகுதியாக ஒரு தொகையை நாங்களே தாங்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

இன்னொன்று. தீக்காப்புறுதி என்றால் சூறாவளியும் வெள்ளமும் தானாக அடங்கிவிடாது. அவை சேர்க்கப்பட்டுள்ளனவா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். காற்றுச் சேதத்துக்குப் பணம் தந்து வெள்ளச் சேதத்துக்கு மறுக்கவும் இடமுண்டு. ஆகவே எது காற்றால் போனது, எது தண்ணீரால் போனது என்று அன்றே எழுதி வையுங்கள்.

கடன் உள்ள வீடென்றால் காசோலை வங்கிக்கே போகலாம். எங்களுக்கும் அப்படித்தான். திருத்த வேலைக்குத் தேவை என்று கடிதம் கொடுத்த பின்னரே வங்கி அதை விடுவித்தது.

கம்பனியின் முடிவு நியாயமில்லை என்று தோன்றினால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதன்பின்னும் தீராவிட்டால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

காப்புறுதி இல்லாதவர்களுக்கு

2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் மூலம் அரசாங்கம் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. கட்டணம் அரசாங்கத்துடையது. வீட்டுச் சேதத்துக்கு உச்சமாக 25 இலட்சம் ரூபா என்று அப்போது வகுக்கப்பட்டது. இத்தகைய நட்டஈட்டின் விதிகளும் தொகையும் மாறக்கூடியவை. ஒவ்வொரு அனர்த்தத்தின் பின்னும் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். முதற்படி மட்டும் மாறாதது: கிராம சேவகரிடம் பதிய வேண்டும், பதிந்ததற்கு ஒரு சான்று கைவசம் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வளவுப் பெரியம்மாவுக்குச் சிக்கல் வேறு. காணி அனுமதிப்பத்திரம் கணவர் பெயரில். கணவரோ 1990இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று சொன்னவர்களுக்கு அவர் முகமே கொடுக்கவில்லை. “செத்தவர் எண்டு நான் எப்பிடி எழுதிக் குடுக்கிறது?” என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? 2010ஆம் ஆண்டின் சட்டம் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற வழிசெய்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, இறந்தவர் என்று ஏற்காமலே, காணாமற்போனவர் என்ற சான்றிதழைப் பெறும் வழி வந்தது. பெரியம்மா அதற்குத்தான் விண்ணப்பித்தார். உங்களில் பலருக்கு இது பயன்படும். புயல் வரும்வரை காத்திராமல் இப்போதே விசாரியுங்கள்.

முதியவர்களுக்காக

2025 நவம்பர் இறுதியில் ‘டிட்வா’ சூறாவளி நாட்டையே உலுக்கியபின், படிவங்களோடு சிலர் என்னிடம் வந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

• அடையாள அட்டை, உறுதி, வங்கிப் புத்தகம், காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து வேறுபட்டால் இப்போதே திருத்துங்கள்.

• பிரதிகள் எடுத்து, மூலப் பத்திரங்களோடு தண்ணீர் புகாத பையில் வையுங்கள். ஒரு தொகுதி வேறூரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

• வெற்றுப் படிவத்தில் ஒப்பமோ கைநாட்டோ வேண்டாம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. அரச அலுவலகத்தில் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. கம்பனியிடமும் தமிழில் விளக்கம் கேளுங்கள்.

• பணம் எடுத்துத் தருகிறேன் என்று பங்கு கேட்டு வருபவரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டாம்.

• தொலைபேசியில் கதைத்ததைத் திகதி, பெயரோடு கொப்பியில் எழுதுங்கள். காது மந்தமானவருக்குக் கடிதமே நல்லது.

• அதிகாரி வரும்போது வீட்டுக்குரிய முதியவரை முன்னால் இருத்துங்கள். அவர் சொல்லட்டும். நாங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நான் பிந்திக் கற்றேன். எங்கள் குசினிக்கு இப்போது புதுச் சுவர். அந்தப் பிஸ்கற் ரின் மேல் தட்டில் இருக்கிறது. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒருநாள் அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ரின் இருக்கும். அடுத்த மழைக்கு முன் அதை உங்கள் அம்மாவோடு சேர்ந்து திறந்து பாருங்கள்.