விரலுக்கு இடம் கொடு!

கண்ணாடியில் மேடு பள்ளம் கிடையாது. மொபைலில் கேம் ஆடுகிறவர்களின் பாதித் தொல்லைக்குக் காரணம் அதுதான்.

1982-ல் நின்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யோகோய், கையடக்க ‘டாங்கி காங்’ விளையாட்டுக்காகக் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பட்டனை உருவாக்கினார். மேல் எது, இடது எது என்று கட்டைவிரலே தடவித் தெரிந்துகொள்ளும். கண் ஆட்டத்திலேயே இருக்கும். 2007-ல் ஐபோன் வந்ததும் பட்டன்கள் வெறும் படங்களாகிவிட்டன. படத்தைத் தடவினால் விரலுக்கு என்ன தெரியும்? போதாததற்கு, தொட வரும் விரலே திரையில் பாதியை மறைத்துக்கொள்கிறது.

இதற்குக் கேம் நிறுவனங்கள் கண்ட வழி: “பட்டன் எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.” நம் ஊர்ப் பையன்களுக்கு இது பழக்கமானது 2018-ல் வந்த பப்ஜி மொபைல் என்ற துப்பாக்கிச் சண்டை கேமால். 2020 செப்டம்பரில் அது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, ஒரு வருடம் கழித்து மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பியது. அதன் செட்டிங்ஸில் கன்ட்ரோல்ஸுக்குள் போய் ‘கஸ்டமைஸ்’ தட்டினால், ஆட்டத்துத் திரை அப்படியே உறைந்து நிற்கும். எந்தப் பட்டனையும் இழுத்து வேறு இடத்தில் போடலாம். பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலாக்கலாம். வண்டி ஓட்டும்போது வரும் பட்டன்களுக்குத் தனி அமைப்பு.

ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? கேமோடு வரும் அமைப்பு இரண்டு கட்டைவிரலை நம்பிச் செய்தது. இடது கட்டைவிரல் ஜாய்ஸ்டிக்கில். ஆள் நடக்கிறான், ஓடுகிறான். மற்ற எல்லாம் வலது கட்டைவிரலின் தலையில். பார்வையைத் திருப்புவது அது, சுடுவது அது, தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பைத் திறப்பது அது, குதிப்பது, குனிவது, படுப்பது, தோட்டா நிரப்புவது எல்லாமே அது. ஸ்கோப்பைத் தொடப் போன நேரத்தில் சுட முடியாது. சுடும்போது குதிக்க முடியாது. எதிரே இருப்பவன் குதித்துக்கொண்டே சுட்டால், நம் ஆள் அடுத்த நொடி செத்து மரப்பெட்டியாகிவிடுவான்.

‘கிளா’ பிறந்தது இந்த நெருக்கடியில். போனைப் பிடித்தபடி ஆள்காட்டி விரல்களை வளைத்துத் திரையின் மேல் மூலைகளுக்குக் கொண்டுவருவார்கள். பார்க்கப் பிராணியின் நகப்பிடி போலவே இருக்கும். சுடும் பட்டனை இடது மேல் மூலைக்கு ஏற்றி இடது ஆள்காட்டி விரலிடம் கொடுத்துவிடலாம். ஸ்கோப்பையோ குதிக்கும் பட்டனையோ வலது ஆள்காட்டி விரல் பார்த்துக்கொள்ளும். வலது கட்டைவிரலுக்கு இப்போது குறிபார்ப்பதுதான் முக்கிய வேலை. மூன்று விரல், நான்கு விரல் என்று ஏறி, ஐந்து ஆறு விரல் வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. ஆறு விரலை இறக்கிவிட்டு, போனை எந்த விரலால் தாங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புதிர்!

இதில் பெருகிப்போன ஒரு பழக்கம், கோட் வாங்குவது. பெரிய ஆட்டக்காரர்கள் தங்கள் பட்டன் லேஅவுட் கோடையும், விரல் அசைவுக்குப் பார்வை எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற சென்சிட்டிவிட்டி கோடையும் யூடியூப் வீடியோவின் கீழே போடுவார்கள். அதை உள்ளிட்டால் அவர்களுடைய அமைப்பு அப்படியே நம் போனில் இறங்கிவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்கிற கதைதான் இது. அவர் ஆடுவது அகலமான டேப்லெட்டாக இருக்கலாம். உங்களுடையது ஒடுங்கி நீண்ட போன். அவருடைய விரல் நீளம் வேறு, போனின் எடை வேறு, பிடிக்கிற விதம் வேறு. அவர் கொடுத்த கோட் ஆரம்பப் புள்ளியாக இருக்கலாம், தவறில்லை. அதற்குமேல் உங்கள் கைதான் சொல்ல வேண்டும்.

கை எப்படிச் சொல்லும்? திரையைப் பார்க்காமல், ஆடும்போது பிடிப்பதுபோலவே போனைப் பிடியுங்கள். விரல்கள் தாமாக எங்கே வந்து இறங்குகின்றனவோ, அடிக்கடி தேவைப்படும் பட்டன்களுக்கு அதுதான் இடம். பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் வகுத்த விதி ஒன்று உண்டு: இலக்கு தூரமாகவும் சிறிதாகவும் இருந்தால், அதைத் தொட அதிக நேரம் பிடிக்கும். ஆகவே நொடியில் தேவைப்படுவது பெரிதாகவும் அருகிலும், எப்போதோ தேவைப்படுவது சிறிதாகவும் ஓரத்திலும் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு செயலிகளுக்குக் கூகுள் பரிந்துரைக்கும் தொடு அளவு சுமார் 9 மில்லிமீட்டர். அவசரத்தில் அமுக்கும் பட்டனை அதற்கும் கீழே சுருக்கினால் விரல் வழுக்கும்.

ஃப்ரீ ஃபயர் கேம் ஆடும் பிள்ளைகள் இந்த விதியோடு சண்டை போடுவார்கள். அவர்களுக்குச் சுடும் பட்டன் வெறும் விசை இல்லை. அதை அழுத்தியபடி மேலே இழுத்தால் குறி எதிரியின் தலைக்கு ஏறும். அதனால் பட்டன் எங்கே இருக்கிறது என்பதோடு, அதற்கு மேலே எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்பதும் கணக்கு. கொஞ்சம் கீழே இறக்கி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. பட்டனைச் சுருக்கினாலே ஹெட்ஷாட் தானாக விழும் என்பதை மட்டும் நான் நம்பமாட்டேன்.

இடம் மாற்றும்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் கலைக்காதீர்கள். ஒரு பட்டனை நகர்த்தி, ட்ரெய்னிங் கிரவுண்டில் ஆடிப் பழகி, பிறகு அடுத்தது. பிஜிஎம்ஐயில் ஒன்றுக்கு மேற்பட்ட லேஅவுட் வைத்துக்கொள்ளலாம் என்பதால், பழையதைத் தொடாமல் இரண்டாவதில் பரிசோதிப்பது நல்லது. நான்கு விரலுக்கு மாறுகிறவர் முதலில் மோசமாகத்தான் ஆடுவார். நண்பர்கள் கேலி செய்வார்கள். பெரும்பாலானவர்கள் இந்தக் கட்டத்தில்தான் பழைய கட்டைவிரலுக்கே ஓடிவிடுகிறார்கள்.

லேஅவுட் சரியாக இருந்தும் ஆட்டம் சொதப்பினால், போனைக் கவனியுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று விரலால் இழுத்தால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வசதி இருக்கிறது. கிளா பிடிப்பவர் சண்டையின் நடுவே மூன்று விரலை அசைத்தால், போன் பொறுப்பாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்! அதை அணைத்துவிடுங்கள். சுமாரான சார்ஜரைச் செருகிக்கொண்டு ஆடினால் தொடுதல் தாறுமாறாகப் போவதும் உண்டு. போனைச் சாய்த்துக் குறிபார்க்கும் ஜைரோவுக்குச் சென்சார் வேண்டும். விலை குறைந்த போன்கள் சிலவற்றில் அது இருக்காது. வியர்வை இன்னொரு வில்லன். விரல் பட்டதும் தன் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்துதான் திரை வேலை செய்கிறது. ஈரம் அதைக் குழப்பும். மின்கடத்தும் இழையில் நெய்த விரலுறைகள் விற்பனையாவது இதற்காகத்தான்.

கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுவரை வலி இழுத்தால் லேஅவுட்டை மாற்றிப் பயனில்லை. அங்குள்ள தசைநாண் உறை அழற்சி கண்டிருக்கலாம். டி கெர்வெய்ன் நோய் என்பார்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் பத்து விரலும் ஒத்துழைப்பதில்லை. அப்படி ஒத்துழைக்காதவர்களுக்குப் பட்டனை நகர்த்துவதைவிட, ஒரு பட்டனையே ஒழித்துக்கட்டுவது பெரிய உதவி. 2019-ல் வந்த கால் ஆஃப் டூட்டி மொபைலின் ‘சிம்பிள்’ முறையில், எதிரி மேல் குறி விழுந்ததும் துப்பாக்கி தானாகச் சுடும். கிளா வீரர்கள் இதைக் குழந்தை விளையாட்டு என்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஆனால் விரல் மடங்காத ஒருவரும் அதே சண்டையில் இறங்கி நாலு பேரை வீழ்த்த முடிவது இந்த முறையால்தான்.