வழக்கமும் வழக்கமாக இருந்ததும்

நுழையும்முன்

ஒரு மொழியின் தொடரை மற்றொரு மொழிக்குக் கொண்டுசெல்லும்போது சொற்கள் மட்டும் இடம்பெயர்ந்தால் போதாது. அவை உணர்த்தும் காலமும் உடன் செல்ல வேண்டும். காலம் பிறழ்ந்தால் செய்தியே மாறிவிடும். ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் 'யூஸ்டு டு' என்னும் சொற்றொடர், தமிழ் பேசுவோரை இவ்வகையில் அடிக்கடி தடுமாறச் செய்கிறது. அத்தடுமாற்றத்தின் காரணத்தையும் அதனை நீக்கும் வழியையும் நம் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டே அறிவோம்.

காலம் காட்டாத 'வழக்கம்'

நேர்காணல் ஒன்றில், "உங்கள் அன்றாடப் பழக்கங்கள் யாவை?" என்று வினவப்படுகிறது. அதற்கு ஒருவர், 'ஐ யூஸ்டு டு ரீட் தி நியூஸ்பேப்பர் எவ்ரி மார்னிங்' என்று விடை கூறுவதாகக் கொள்வோம். 'நாள்தோறும் காலையில் செய்தித்தாள் படிப்பது என் வழக்கம்' என்பதே அவர் சொல்ல விரும்பியது. கேட்பவர் புரிந்துகொள்வதோ, 'முன்பெல்லாம் படித்துவந்தேன். இப்போது படிப்பதில்லை' என்பதாகும். தம்மிடம் உள்ள நல்ல பழக்கத்தைக் கூற வந்தவர், அது தம்மிடம் இல்லை என்று தாமே சொல்லிவிடுகிறார்.

இதற்குக் காரணம் 'வழக்கம்' என்னும் தமிழ்ச்சொல்லின் இயல்பே. 'படிப்பது என் வழக்கம்' என்னும் தொடரில் பயனிலையாக நிற்பது வினைச்சொல் அன்று; 'வழக்கம்' என்னும் பெயர்ச்சொல். பெயர்ப்பயனிலை தானே காலம் காட்டுவதில்லை. எனவே அத்தொடர் இன்றும் தொடரும் பழக்கத்தை இயல்பாக உணர்த்துகிறது. 'அந்நாளில்' என்னும் சொல்லை முன்னே சேர்த்தால், அதே தொடர் கடந்தகாலப் பழக்கத்தையும் உணர்த்தும். ஆங்கிலச் சொற்றொடருக்கு இத்தகைய நெகிழ்ச்சி இல்லை. 'யூஸ்டு டு' வினையின் முதல்நிலையோடு சேரும்போது இறந்தகாலத்தை மட்டுமே குறிக்கும். இன்றும் தொடரும் பழக்கத்தைக் கூற, 'ஐ ரீட் தி நியூஸ்பேப்பர் எவ்ரி மார்னிங்' என்னும் எளிய நிகழ்காலத் தொடரே போதுமானது. வேண்டுமாயின் 'யூஷுவலி' என்னும் சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நின்றுபோன பழக்கமும் மறைந்த நிலையும்

'யூஸ்டு டு' முன்னர் வழக்கமாக நிகழ்ந்த செயலைக் குறிக்கும்; அஃது இப்போது நிகழ்வதில்லை என்பதையும் பெரும்பாலும் குறிப்பால் உணர்த்தும். 'ஷி யூஸ்டு டு சிங்' என்றால், அவர் முன்பு பாடிவந்தார், இப்போது பாடுவதில்லை என்று பொருள்கொள்வர்.

செயலை மட்டுமன்றி நிலையையும் இச்சொற்றொடர் குறிக்கும். 'தேர் யூஸ்டு டு பி எ பாண்ட் ஹியர்' என்பதை, 'முன்பு இங்கொரு குளம் இருந்தது' என்று தமிழில் கூறுவோம். 'முன்பு' என்னும் சொல், அக்குளம் இன்று இல்லை என்பதை நமக்கு உணர்த்திவிடுகிறது.

ஒருமுறை நிகழ்ந்த செயலுக்கும், இத்தனை முறை அல்லது இத்தனை ஆண்டுகள் என்று வரையறுத்த செயலுக்கும் இச்சொற்றொடர் பொருந்தாது. 'மூன்று முறை மதுரைக்குச் சென்றேன்', 'ஐந்து ஆண்டுகள் திருச்சியில் வாழ்ந்தேன்' ஆகியவற்றை எளிய இறந்தகாலத்தில் கூறுவதே ஆங்கில மரபு.

தமிழில் கடந்தகாலப் பழக்கத்தை உணர்த்த அழகியதொரு முறை உண்டு. 'சிறுவயதில் நாங்கள் ஆற்றில் குளிப்போம்', 'அந்நாளில் பாட்டி திண்ணையில் அமர்ந்து கதை சொல்வார்' என்னும் தொடர்களை நோக்குக. குளிப்போம், சொல்வார் என்பவற்றில் எதிர்கால இடைநிலைகளான ப், வ் ஆகியவை உள்ளன. ஆயினும் அவை உணர்த்துவது கடந்தகால வழக்கத்தையே. ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும்போது இவ்வடிவமே இயல்பாக அமையும். 'சொல்வதற்குப் பயன்படுத்தினார்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் முற்றிலும் கெட்டுவிடும்.

'கு' உருபும் 'டு' என்னும் சொல்லும்

'ஐ ஆம் யூஸ்டு டு நாய்ஸ்' என்பது தோற்றத்தில் முற்கூறிய சொற்றொடரை ஒத்தது, பொருளில் வேறானது. 'எனக்கு இரைச்சல் பழகிவிட்டது' அல்லது 'நான் இரைச்சலுக்குப் பழகிவிட்டேன்' என்பது இதன் பொருள். 'ஆம்', 'இஸ்', 'வாஸ்' போன்ற துணைவினை முன்னே வருவது இதன் அடையாளம்.

இங்கு 'டு' என்பது நம் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' செய்யும் பணியையே செய்கிறது. வேற்றுமை உருபு பெயரோடு சேரும், வினைமுற்றோடு சேராது. 'இரைச்சலுக்கு' என்பதுபோல், 'எழுவதற்கு' என்று தொழிற்பெயரோடும் சேரும். ஆங்கிலத்திலும் அவ்வாறே. 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் எர்லி' என்பதில் 'கெட்டிங்' என வருவது இதனால்தான். 'கெட்' என்று முதல்நிலையை மட்டும் எழுதினால் அது பிழை.

மூன்றாவது வடிவம் பயனைக் கூறுவது. 'திஸ் நைஃப் இஸ் யூஸ்டு டு கட் வெஜிடபிள்ஸ்' என்பதை, 'இக்கத்தி காய்கறி நறுக்கப் பயன்படுகிறது' எனப் பெயர்க்கலாம். 'நறுக்க' என்னும் செயவென் எச்சம் காட்டும் நோக்கத்தை ஆங்கிலத்தில் 'டு கட்' காட்டுகிறது. இங்குத் துணைவினை முன்னே வந்தாலும், பின்னே வருவது வினையின் முதல்நிலை என்பதைக் கருதுக. ஒலிப்பிலும் வேறுபாடு உண்டு. முதலிரு வடிவங்களில் 'யூஸ்டு' என்பதன் நடுவொலி அதிர்வின்றி ஒலிக்கும். மூன்றாவதில் அதிர்வோடு ஒலிக்கும்.

தெரிந்து தெளிவோம்

'யூஸ்' என்னும் ஆங்கில வினைக்கு 'வழக்கமாகக் கொள்' என்னும் பொருளும் முற்காலத்தில் இருந்தது. அப்பொருளில் அது நிகழ்காலத்திலும் வழங்கியது. காலப்போக்கில் நிகழ்கால வழக்கு மறைய, இறந்தகால வடிவம் மட்டும் நிலைத்துவிட்டது. 'பயன்படுத்து' என்னும் பொருளோடு தொடர்பற்றதாக இச்சொற்றொடர் இன்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

மொழிபெயர்ப்போர் கருத்திற்கு

இவ்வேறுபாடு தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதன்று. 'இவர் நாள்தோறும் இம்மாத்திரையை உட்கொள்வது வழக்கம்' என்னும் குறிப்பை ஒருவர் 'யூஸ்டு டு டேக்' என்று மொழிபெயர்த்தால், அதைப் படிக்கும் மருத்துவர் நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டதாகவே எண்ணுவார். 'அவர் அவ்வழியே செல்வது வழக்கம்' என்னும் சாட்சியின் கூற்றும் இவ்வாறே திரிபடையும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. எனினும் எழுத்தில் உண்மை மாறிவிடுகிறது.

ஆதலால் 'வழக்கம்' என்னும் சொல்லைக் கண்டவுடன், 'இப்பழக்கம் இன்றும் உண்டா?' என்று முதலில் வினவுக. உண்டெனில் நிகழ்காலம்; இல்லையெனில் 'யூஸ்டு டு'. ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும்போது, முன்னே துணைவினை உள்ளதா, பின்னே வருவது பெயரா வினையா என்று நோக்குக. தாய்மொழியின் பெயர்ப்பயனிலையையும் வேற்றுமை உருபையும் எச்சத்தையும் நன்கு அறிந்தவர்க்குப் பிறமொழியின் நுட்பமும் எளிதில் விளங்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் முன்பு இருந்து இன்று மறைந்துபோன மூன்றினைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடர்கள் அமைக்க.

2. 'தாத்தா மாலையில் நடப்பார்' என்னும் தொடர் எவ்வெக்காலப் பொருளைத் தரக்கூடும்? காலத்தைத் தெளிவாக்கும் சொற்களைச் சேர்த்து எழுதுக.

3. 'விடுதி உணவுக்குப் பழகிவிட்டேன்', 'முன்பு விடுதியில் உண்டுவந்தேன்' ஆகிய தொடர்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, வேறுபாட்டை வகுப்பில் விளக்குக.