கடிகாரத்தைத் திருத்தும் கணக்கு

சோளிங்கர் ரயில் நிலையம் அமைந்துள்ள இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுவே. ஊருக்கொரு நேரம் இருந்தால் ரயில் ஓடுமா? ஆகவே பின்னாளில் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரம் தந்தி மூலம் நாள்தோறும் பல ஊர்களுக்குச் சென்றது. தந்தி வழியில் எடுத்துக்கொண்ட சிறு நேரத்தைப் பற்றி ரயில்காரர்கள் கவலைப்படவில்லை.

இன்றோ அந்தச் சிறு நேரமே பெரிய தொல்லை! 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய மின்தொகுப்பு வீழ்ந்தது. இத்தகைய விபத்தில் எந்த இணைப்பு முதலில் அறுந்தது என்று அறிய, எல்லா நிலையங்களின் கடிகாரங்களும் ஒன்றுபட்டிருக்க வேண்டும். நம் மின்னோட்டத்தின் ஒரு சுற்றுக்கே 20 மில்லி வினாடிதான்.

கணிப்பொறி தன் கடிகாரத்தை எப்படித் திருத்துகிறது? சரியாக 10 மணிக்கு, "மணி என்ன?" என்று டெல்லியைக் கேட்பதாகக் கொள்வோம். "10 மணி தாண்டி 50 மில்லி வினாடி" என்ற விடை வந்து சேரும்போது, அதன் சொந்தக் கடிகாரத்தில் 40 மில்லி வினாடி கழிந்திருக்கிறது. போக 20, வர 20 என்று பாதியாக்குகிறது. விடை கிளம்பி 20 ஆகிவிட்டதால் இப்போது சரியான நேரம் 70. தன் கடிகாரம் காட்டுவதோ 40! 30 மில்லி வினாடி பின்தங்கியிருக்கிறது.

போக 10, வர 30 என்றிருந்தால்? அப்போது சரியான நேரம் 80. நம் கணக்கு 10 மில்லி வினாடி தவறும். அதாவது இரு வழித் தாமதங்களின் வித்தியாசத்தில் பாதி. இதைக் கேட்பவரால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால்தான் கணிப்பொறி பலமுறை கேட்டு, மிக விரைவில் திரும்பிய விடையையே நம்புகிறது. நெரிசலில் சிக்காத விடை அதுதானே?