செக்ரோலில் இருந்த பெயர்கள்

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியப் படை போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையை மலேசியத் தமிழர்கள் 'சயாம் மரண ரயில்' என்பார்கள். 1942-இல் தொடங்கிய வேலையில் 1943 அக்டோபர் 17 அன்று இரு பக்கத் தண்டவாளங்களும் சேர்ந்தன. ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆசியத் தொழிலாளர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாகக் கணிப்பு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். குற்றம் ஜப்பானுடையது. ஆனால் எந்த லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) யார் இருக்கிறார் என்று ஜப்பானிய அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

குமரி மாவட்டத்தின் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் வெட்டைப் பார்த்திருக்கும் பூதப்பாண்டிக்காரர்களுக்கு மலாயாத் தோட்ட வேலை புதிதாகத் தோன்றாது. மலாயாவில் மரத்தடிக்குப் போகுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு உண்டு. விடியாத இருட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். தோட்ட எழுத்தரான கிராணி விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவருக்கு ஒரு குறி; வராதவருக்கு அன்றைய கூலி இல்லை. குடும்பத்தில் எத்தனை பேர், யார் திடகாத்திரம், யார் தனிக்கட்டை என்பதெல்லாம் ஆட்களை மேய்க்கும் கங்காணிக்கு மனப்பாடம்.

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்காரத் துரைகள் அதற்குள் தப்பி ஓடியிருந்தார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றது. கூலியும் அரிசியும் அருகின. தோட்டத்துக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானியர் கேட்டபோது, பதில் சொல்ல இருந்தவர்கள் கிராணியும் கங்காணியும்தான். நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாத வேலை என்ற பேச்சை நம்பி முதலில் பலர் தாமாகவே போனார்கள். போனவர்கள் திரும்பாததால் அடுத்து யாரும் முன்வரவில்லை. அப்போதுதான் பட்டியல் தேவைப்பட்டது. வேண்டியவர் விடுபட்டதும் வேண்டாதவர் சேர்ந்ததும் உயிர் மீண்டவர்களின் நினைவுகளில் பதிவாகியிருக்கின்றன.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் யூதர்களுக்கு நேர்ந்ததிலும் உள்ளூர்க் கை பெரிது. பாரிஸில் 1942 ஜூலை 16, 17 தேதிகளில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ்; அதற்கு உதவியது அவர்களே தயாரித்திருந்த அட்டைப் பதிவு. ஜெர்மனியின் கூட்டாளியான ஹங்கேரியில் 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை 4,37,000 பேர் ரயிலேற்றப்பட்டார்கள். அதை நடத்த வந்த நாஜி அதிகாரி ஐக்மனுடன் இருந்த ஆட்கள் இருநூறு பேருக்கும் குறைவு. வீடு வீடாகப் போனவர்கள் ஹங்கேரி ஜெண்டார்மேரி காவலர்கள். ருமேனியாவின் யாஷி நகரில் 1941 ஜூனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதில் ருமேனியப் போலீசும் ராணுவமும் முன்னின்றன. பொதுமக்களும் கூடச் சேர்ந்தார்கள். பிரான்ஸ் அரசின் பொறுப்பை அதிபர் ஷிராக் ஒப்புக்கொண்டது 1995-இல். ருமேனியாவில் யூதப் படுகொலையை ஆராய்ந்த, எலி வீசல் தலைமையிலான ஆணையம் 2004-இல் தன் அறிக்கையை அளித்தது.

கிராணியை இவர்களோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. ஹங்கேரிக்கு அரசும் படையும் நாடாளுமன்றமும் இருந்தன. 1944 ஜூலையில் ஆட்சித் தலைவர் ஹோர்த்தி நிறுத்தச் சொன்னதும் நாடுகடத்தல் நின்றது. கிராணிக்கு அந்த வலு இல்லை. ஆள் குறைந்தால் அடி அவருக்கும் உண்டு. ஆட்களோடு தாமும் சயாமுக்குப் போன கங்காணிகளும் உண்டு. இருந்தாலும் தன் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுதியதை ஜப்பானியர் கட்டளை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

போருக்குப் பிறகு சிங்கப்பூரில் நடந்த விசாரணைகளில் ஜப்பானிய அதிகாரிகளும், காவலர்களாக இருந்த கொரியர்களும் கூண்டில் நின்றார்கள். கேள்விகள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைப் பற்றியவை. பாதையில் வேலை செய்த சுமார் 60,000 கைதிகளில் இறந்த 12,000-க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கு இருக்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 குழிகள். பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு. பெரட்டில் பெயர் கூப்பிட்டு ரயிலேற்றப்பட்ட தமிழர்களுக்கு அந்தக் கல்லறையில் ஒரு கல்லும் இல்லை. இறந்தவர்களைப் பாதையோரம் பொதுக்குழிகளில் போட்டு மூடினார்கள்.