மாடிக்கு நீரேற்றாத பம்பு

ஐரோப்பாவின் குளிர்நாட்டு வீடுகளில், கொதிகலனில் சூடான நீரை அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பி, வெப்பத்தை அங்கே விட்டுவிட்டு வரும் நீரை மீண்டும் கொதிகலனுக்கே சேர்க்கும் சிறு கருவி சுற்றோட்டப் பம்பு எனப்படுகிறது. பழுதான பம்பை மாற்றும்போது, அதைவிட ஒரு படி பெரியதை வாங்கினால் கேடில்லை என்ற எண்ணம் வீட்டுக்காரரிடமும் குழாய்ப் பணியாளரிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த அமைப்புகளில் நேரும் கோளாறுகள் பலவற்றுக்கு அந்த எண்ணமே ஊற்றுக்கண்.

தரைத்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரைப் பார்த்துப் பழகியவருக்கு, மூன்று மாடி வீடென்றால் வலுவான பம்பு வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் மூடிய சுற்றில் அந்தக் கணக்குச் செல்லாது. ரங்கராட்டினத்தில் இறங்கும் தொட்டிலின் எடை ஏறும் தொட்டிலைத் தூக்கிவிடுவது போல, இறங்கு குழாயில் உள்ள நீர் ஏறு குழாயில் உள்ள நீரின் எடையை ஏறத்தாழ ஈடுசெய்துவிடுகிறது. உச்சி ரேடியேட்டர்வரை நீர் எட்டி நிற்பதற்கு, 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் என்ற அளவில் முன்கூட்டியே நிரப்பிவைக்கும் அழுத்தமே காரணம். பம்புக்கு எஞ்சுவது குழாய், வளைவு, வால்வு ஆகியவற்றின் உராய்வை வெல்லும் வேலை மட்டும். ஆகவே பம்புக்கடைகளில் ‘ஹெட்’ என்று மீட்டரில் சொல்லப்படும் அளவு இங்கே வீட்டின் உயரத்தை அல்ல, இந்த உராய்வையே குறிக்கிறது.

நீரின் ஓட்டத்தைக் கணக்கிடுவதும் கடினமன்று. ஒரு கிலோ நீர் ஒரு டிகிரி குளிரும்போது ஏறத்தாழ 4.19 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. 10 கிலோவாட் வெப்பம் தேவைப்படும் வீட்டில், நீர் 20 டிகிரி குளிர்ந்து திரும்புமானால் மணிக்கு ஏறத்தாழ 430 லிட்டர் ஓட்டம் போதும். 10 டிகிரியே குளிருமானால் 860 லிட்டர் வேண்டும். கொதிகலனுக்குப் பதிலாக வெப்ப ஏற்றி (ஹீட் பம்பு) பொருத்தப்பட்டு, வேறுபாடு 5 டிகிரியாகச் சுருங்கினால் தேவை 1,700 லிட்டரைத் தாண்டும். அதே குழாயில் ஓட்டம் இரட்டித்தால் உராய்வு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதால், பம்பைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டியது வீட்டின் பரப்பளவை அல்ல, இந்த வெப்பநிலை வேறுபாட்டைத்தான்.

பல பம்புகளின் மேல் 25-40, 25-60 என்று பொறிக்கப்பட்டிருக்கும்; முதல் எண் இணைப்புக் குழாயின் அளவை மில்லிமீட்டரிலும், இரண்டாவது எண் உச்ச ஹெட்டை டெசிமீட்டரிலும் குறிப்பதால், பின்னது 6 மீட்டர் ஹெட் தரவல்ல பம்பு. ரேடியேட்டர் பொருத்திய சாதாரணத் தனி வீடுகள் பலவற்றுக்கு அதில் பாதியே மிகை. மிஞ்சிய அழுத்தம் ரேடியேட்டர் வால்வுகளில் சீழ்க்கையாக வெளிப்பட்டு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். பின்னாளில் அறை கூட்டிக் கட்டினால் உதவும் என்று பெரிய பம்புக்காக வாதிடுவோரும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், குறையக் குறையச் சிறந்தது எனக் கொள்ளப்படும் ஆற்றல் திறன் குறியீடு, தனியாக விற்கப்படும் பம்புகளுக்கு 2013 ஜனவரி முதல் 0.27க்கும், 2015 ஆகஸ்டு முதல் 0.23க்கும் மேற்படக் கூடாது என்றானது. இதனால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் நிலைக்காந்த மோட்டார் பம்புகள் பரவின. 80 வாட் இழுத்த பழைய பம்பு 5,000 மணி நேரத்தில் 400 யூனிட் மின்சாரம் தின்ற இடத்தில், சராசரி 15 வாட்டில் ஓடும் புதியதற்கு 75 யூனிட் போதும். விளம்பரங்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன.

அந்தக் காந்தத்தைப் பற்றி அவை பேசுவதில்லை. எஃகு ரேடியேட்டர்கள் உள்ளே அரிக்கப்படும்போது உண்டாகும் மேக்னடைட் என்னும் கரிய இரும்பு ஆக்சைடு காந்தத்தால் ஈர்க்கப்படுவது. நீரிலேயே சுழலும் காந்தச் சுழலியை அது வண்டலாகப் பற்றிக்கொண்டு பம்பை முடக்கிவிடக்கூடும். அடைத்த சுற்றில் முதலில் நிரப்பிய நீரின் ஆக்சிஜன் தீர்ந்ததும் அரிப்பு தணிந்துவிட வேண்டும். தணியவில்லையென்றால் எங்கிருந்தோ காற்று புகுகிறது. ஆக்சிஜன் தடுப்புப் பூச்சில்லாத பிளாஸ்டிக் குழாய் ஒரு வழி. பம்பு நிற்கும் இடம் மற்றொரு வழி. சூடேறி விரியும் நீருக்கு இடங்கொடுக்கும் விரிவுத் தொட்டி சுற்றோடு சேரும் புள்ளியில், பம்பு ஓடினாலும் நின்றாலும் அழுத்தம் மாறுவதில்லை. பம்பின் உறிஞ்சும் பக்கம் அப்புள்ளியை அடுத்து இருந்தால், அது சுற்றில் அழுத்தத்தைக் கூட்டும். தொட்டியை நோக்கித் தள்ளும்படி பொருத்தினாலோ சுற்றின் பெரும்பகுதியில் அழுத்தத்தைக் குறைத்து, நிரப்பழுத்தமும் தாழ்ந்திருக்குமானால் மேல்மாடியின் காற்றுப்போக்கி வழியே காற்றை உள்ளிழுக்கும். பம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு இந்த உறிஞ்சலும் கூடும். காற்றால் துருவும், துருவால் வண்டலும், வண்டலால் உராய்வும் பெருக, அறை சூடேறவில்லை என்று அதைவிடப் பெரிய பம்பு வாங்கப்படும்.

திரும்பு குழாயில் கொதிகலனுக்குச் சற்று முன்னே காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்துவதற்கு ஆகும் செலவு பம்பின் விலையோடு ஒப்பிடப் பெரிதன்று. சில வாரம் ஓடிய பின் அதைத் திறந்து, காந்தத்தில் அப்பியிருக்கும் கரும்பசையைப் பார்த்தால்தான் தளர்ந்தது பம்பா, அடைத்தது குழாயா என்பது தெரியவரும். பம்பு விலைப்பட்டியலை விரிப்பது அதற்கடுத்த வேலை.