இனிப்பு தீர்ந்த பழம்

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர். சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளக் கனடாவில் சட்டம் இடம் தருகிறது. (தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். இங்கிருப்பவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதோடு நிற்க வேண்டும்.) போன ஜூலையில் நயாகரா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 2 கிலோ புளிப்புச் செர்ரி வாங்கினாராம். கொட்டையை எடுத்துவிட்டு மசித்து, பொங்கி அடங்கியிருந்த 20 லிட்டர் பீரில் கலந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து வடிகட்டி, வழக்கமாகச் சேர்க்கும் 120 கிராம் சர்க்கரையையும் சேர்த்து, பாட்டில்களில் அடைத்து பேஸ்மென்டில் அடுக்கினார். ஒன்பதாம் நாள் நள்ளிரவில் மூன்று பாட்டில்கள் அடுத்தடுத்து வெடித்தன. சுவரெல்லாம் சிவப்பு. குழந்தைகள் அலறி எழுந்துவிட்டார்கள். “பழம் சேர்த்தது தப்பா ஐயா? மிச்சமிருக்கும் பாட்டில்களை என்ன செய்வது?” என்று கேட்கிறார்.

வெடித்ததன் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஈஸ்ட் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் ஆல்கஹாலும் அரை கிராம் கரியமில வாயுவும் வெளிவரும். நுரைக்காக லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை சேர்த்தது சரியான அளவுதான். ஆனால் புளிப்புச் செர்ரியிலும் 100 கிராமுக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை உண்டு. 20 லிட்டரில் 2 கிலோ போட்டால் லிட்டருக்கு இன்னொரு 10 கிராம் ஏறிவிடும். இரண்டு நாளில் ஈஸ்ட் அதை முழுக்கத் தின்று தீர்த்திருக்க முடியாது. அதில் பாதி மிச்சமிருந்தாலே, மூடிய பாட்டிலுக்குள் கார் டயரில் இருப்பதைவிட அதிக அழுத்தம் சேர்ந்துவிடும். சித்திரை வெயிலில் அம்மா இட்லி மாவைப் பாதிப் பாத்திரத்துக்கு மேல் ஊற்ற மாட்டாள். அடியில் ஒரு தாம்பாளத்தையும் வைப்பாள். விடிகாலையில் மாவு தட்டைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்கும். பீர் பாட்டிலின் மூடி அப்படித் தள்ளிக் கொடுக்காது.

பழ பீர் என்றால், பீரில் பழ ருசியை ஏற்றுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஈஸ்டுக்கு அதெல்லாம் தெரியாது. அதன் வாயில் பழம் முதலில் சாப்பாடு. இனிப்பு முழுவதையும் தின்றுவிட்டுத்தான் அது ஓயும். ஆகவே காய்ச்சுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இனிப்பு போன பிறகு இந்தப் பழத்தில் என்ன மிச்சம் இருக்கும்? தர்ப்பூசணியில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. ஸ்ட்ராபெர்ரியின் நிறமும் மணமும் சில மாதங்களில் மங்கிப்போகும். புளிப்புச் செர்ரியில் அமிலம் மிஞ்சும், தோலின் துவர்ப்பு மிஞ்சும், நிறம் மிஞ்சும். இன்னொன்றும் மிஞ்சும், டொராண்டோ நண்பர் எடுத்தெறிந்தது அதைத்தான். அதற்கு வருகிறேன்.

நம் ஊரில் செர்ரி என்றதும் பேக்கரி பன்னிலும் கேக்கிலும் பதித்திருக்கும் சிவப்பு உருண்டைதான் நினைவுக்கு வரும். அதில் பெரும்பாலானவை செர்ரியே இல்லை. களாக்காயின் விதையை எடுத்து, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றியது. பாகை எடுத்துவிட்டால் அதில் ஒன்றும் நிற்காது. நான் சொல்லப்போகும் பழம் இதற்கு நேர் எதிர்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையாக பிரசல்ஸில் மூன்று நாள் தங்கினேன். ஆண்டர்லெக்ட் என்ற பகுதியில் கான்டியோன் என்றொரு பீர் ஆலை இருக்கிறது. 1900-இல் ஒரு குடும்பம் தொடங்கியது, இன்றும் குடும்பத்தார்தான் நடத்துகிறார்கள். 1978 முதல் ஆலையையே காட்சிக்கூடமாகவும் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே கால் வைத்ததும் எனக்கு வந்தது திருநெல்வேலி ஜங்ஷன் எதிரே நின்ற குதிரைவண்டிகளின் வாசனை: வியர்த்த தோல் வார், ஈரச் சாக்கு, வைக்கோல். பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் உண்டாக்கும் பீனால் பொருள்களின் மணம் அது. மற்ற மது ஆலைகளில் இந்த ஈஸ்ட் தலைகாட்டினால் பீப்பாயையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இங்கே அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

இங்கே ஈஸ்டைக் கடையில் வாங்கிப் போடுவதில்லை. முளைகட்டிய பார்லியோடு மூன்றில் ஒரு பங்கு போல முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். கசப்பு போவதற்காகவே சில ஆண்டுகள் கிடப்பில் போட்ட ஹாப் பூவைப் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். பிறகு அந்தக் கஷாயத்தைக் கூரைக்கு அடியில் உள்ள அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்தே ஆற விடுகிறார்கள். குளிர் மாதங்களில் மட்டும்தான் இதைச் செய்ய முடியும். பலகை இடுக்குகள் வழியே இரவுக் காற்று வந்து போகும். அந்தக் காற்றிலும் உத்தரங்களிலும் மரப் பீப்பாய்களிலும் இருக்கும் கிருமிகளே வேலையைத் தொடங்கிவிடும். இந்த பீருக்கு லாம்பிக் என்று பெயர்.

கிருமிகள் ஒவ்வொரு கூட்டமாக வந்து போகின்றன. முதல் சில வாரங்கள் குடல் பாக்டீரியாக்களின் உறவினங்கள், அடுத்த சில மாதங்கள் வழக்கமான பீர் ஈஸ்ட், பிறகு புளிப்பு உண்டாக்கும் பாக்டீரியா, எல்லாம் ஓய்ந்தபின் குதிரைவண்டி வாசனைக்காரர். இப்படி லாம்பிக் பீப்பாயில் மூன்று வருஷம்கூடக் கிடக்கும்.

உடன்குடி பக்கத்தில் தாத்தா வீட்டில் வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. பனையிலிருந்து இறக்கும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர்; தடவாமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் கள். அதற்கு யாரும் ஈஸ்ட் போட்டதில்லை. பாளையிலும் கலயத்திலும் காற்றிலும் அது எப்போதும் இருக்கிறது. கள் ஒரே நாளில் புளித்துக் கெடும். லாம்பிக் குளிரில், மெதுவாக, வருஷக்கணக்கில் புளித்துப் பக்குவப்படும்.

ஜூலையில் செர்ரி வரும். ஒன்றரை, இரண்டு வருஷம் கிடந்த லாம்பிக்கில் லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் பழத்தை முழுதாகப் போடுவார்கள். மசிப்பதில்லை, கொட்டையை எடுப்பதில்லை. பழச் சர்க்கரை கிடைத்ததும் தூங்கிக் கிடந்த ஈஸ்டுகள் விழித்து, பீப்பாய் வாயிலிருந்து இளஞ்சிவப்பு நுரை பொங்கும். அந்த மணத்துக்குப் பழ ஈக்கள் மொய்க்கும். மருந்து அடித்தால் உத்தரத்தில் குடியிருக்கும் கிருமிகள் என்ன ஆவது? அதனால் ஈக்களைப் பிடிக்கும் வேலை சிலந்திகளுடையது. அங்கே எவரும் சிலந்தியைக் கொல்லக் கூடாது, ஒட்டடை அடிக்கக் கூடாது. பீப்பாய்களுக்கு இடையே சாம்பல் நிறத் திரைச்சீலைபோல வலைகள் தொங்கின. போகிக்கு முன்பு மூங்கில் கழியில் துடைப்பத்தைக் கட்டி மூலை மூலையாக அடித்துப் பழகிய நான், அவற்றைக் கலைத்துவிடக் கூடாதே என்று தோளை ஒடுக்கிக்கொண்டு நடந்தேன்.

இனி அந்தக் கொட்டை. ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார்கள். நிறம் நல்ல நாவற்பழச் சாறு. வாயில் வைத்ததும் எலுமிச்சை கடித்ததுபோல் புளிப்பு. இனிப்பு துளிகூட இல்லை. அடுத்து செர்ரித் தோலின் துவர்ப்பு. விழுங்கிய பிறகு, மூக்கின் பின்புறத்தில், சற்றும் எதிர்பாராத ஒரு மணம்: கேக்கில் விடும் பாதாம் எசென்ஸ். இந்த பீரில் பாதாம் எங்கிருந்து வந்தது?

செர்ரியும் பாதாமும் ஒரே பேரினத்து மரங்கள், பீச்சும் ஆப்ரிகாட்டும் அப்படியே. இவற்றின் கொட்டைப் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. ஒரு மணப்பொருளையும் ஒரு விஷத்தையும் சர்க்கரை மூலக்கூறுகளோடு சேர்த்துப் பூட்டி வைத்த பெட்டி அது. விதையைக் கடிக்கும் பிராணியிடமிருந்து தப்பிக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு. பூட்டைத் திறந்தால் பென்சால்டிஹைடு வெளிவரும். பாதாம் எசென்ஸின் மணம் முழுக்க அதுதான். கூடவே சிறிதளவு சயனைடும் வரும். அதனால்தான் கொட்டையை உடைக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, மிக்ஸியில் அடிக்கவே கூடாது. முழுக் கொட்டையின் ஓட்டைத் தாண்டி மெதுவாகக் கசிவது மிகமிகக் கொஞ்சம். பென்சால்டிஹைடைச் சர்க்கரையோடு கட்டிவைத்த இந்த மாதிரிப் பிணைப்புகளை அறுக்கும் நொதி பிரெட்டனோமைசஸின் சில வகைகளிடம் இருக்கிறது. சாதாரண பீர் ஈஸ்டுக்கு அந்தத் திறமை குறைவு. சதையில் இருந்த இனிப்பையெல்லாம் மற்றவர்கள் தின்று போன பிறகு, கடைசியில் வந்தவர் கொட்டையில் பூட்டியிருந்ததைத் தேடிப் போகிறார். மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. இரண்டு நாளில் வடிகட்டியவருக்கு இந்த மணம் கிடைக்க வழியே இல்லை.

ஆச்சி வைக்கும் வற்றல் குழம்பில் மாங்கொட்டை கிடக்கும். சதை முழுக்கக் கரைந்து குழம்போடு போயிருக்கும். ஆனாலும் அந்தக் கொட்டை கிடக்கிற குழம்புக்கும் கிடக்காத குழம்புக்கும் ருசி வேறு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சூப்பிச் சாப்பிடும் உரிமைக்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

இந்தச் செர்ரி லாம்பிக்கை அங்கே கிரீக் என்கிறார்கள். பிளெமிஷ் மொழியில் புளிப்புச் செர்ரிக்கே அதுதான் பெயர். ஆனால் அந்தப் பெயரில் கடைகளில் விற்பவற்றில் ஏராளமானவை வேறு சரக்கு. சீக்கிரம் தயாரித்த பீரில் பழச்சாறும் எசென்ஸும் சர்க்கரையும் சேர்த்து, அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடாதபடி சூடாக்கிக் கொன்று அடைத்தவை. நான் அதையும் வாங்கிப் பார்த்தேன். இருமல் சிரப்பு. பழைய முறைப்படி செய்தவற்றுக்கு மட்டும் ‘ஔடு கிரீக்’ என்ற பெயரை 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாத்திருக்கிறது. ‘பழைய’ என்ற ஒரு சொல்லுக்குச் சட்டம் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்க் கருப்பட்டியில் சீனியைக் கலந்து காய்ச்சி, கருப்பட்டி என்றே விற்பதைப் பார்க்கிற எனக்கு இது மனத்தைப் பிசைகிறது. இனிப்பு எல்லாருக்கும் உடனே பிடிக்கும். அதை ஏற்றிவிட்டால் பழம் நல்லதா, மரம் எந்த ஊரு, பீப்பாயில் எத்தனை நாள் கிடந்தது என்று எவரும் கேட்பதில்லை.

மரத்தின் கதையும் அப்படித்தான் ஆகியிருக்கிறது. இந்த பீருக்கென்றே பேர்போன சின்னஞ்சிறு கறுஞ்சிவப்புச் செர்ரி, பிரசல்ஸின் வடக்கே ஸ்கார்பேக் என்ற கிராமத்தில் விளைந்தது. அங்கிருந்து கழுதைகள் மீது ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவருவார்களாம். அதனால் ஸ்கார்பேக்குக்குக் கழுதைகளின் ஊர் என்று இன்றும் பட்டப்பெயர். இப்போது அது டிராம் ஓடும் நகரப் பகுதி. பழத்தோட்டங்கள் மேல் வீடுகள் எழும்பிவிட்டன. ஊர்ப் பூங்காவில் கழுதைகளை மட்டும் நினைவாக வளர்க்கிறார்கள். செர்ரியில் பெரும்பகுதி போலந்து முதலிய நாடுகளிலிருந்து வருகிறது. அந்தப் பழைய இனம் சுற்றுவட்டாரக் கிராமங்களில், யார் யார் வீட்டுக் கொல்லையிலோ, வேலி ஓரத்திலோ ஒன்றிரண்டாக நிற்கிறது. ஜூலையில் ஏணி போட்டு ஏறிப் பறித்துவருவோரிடம் கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளும் ஆலைகள் இருக்கின்றன. அவை இருப்பதால்தான் அந்த மரங்கள் வெட்டப்படாமல் நிற்கின்றன.

டொராண்டோ தம்பிக்கு இன்னொரு செய்தி. பிரசல்ஸுக்குத் தெற்கே பீர்சலில் ‘மூன்று ஊற்றுகள்’ என்று பொருள்படும் பெயருள்ள புகழ்பெற்ற லாம்பிக் ஆலை ஒன்றில், 2009-ஆம் ஆண்டு மே மாதம் கிடங்கின் வெப்பச் சீராக்கி பழுதாகி அறை சூடேறியதில் ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்தன. தலைமுறையாக அதே தொழிலில் இருந்தவர்கள். வெடிக்காமல் தப்பியதும் குடிக்க லாயக்கில்லாமல் போனதால், திறந்து ஊற்றிக் காய்ச்சி வடித்து வேறு மதுவாக்கினார்கள்.

உங்கள் மிச்சப் பாட்டில்களை இப்போது கையால் தொட வேண்டாம். அறையைக் குளிர விடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பாட்டில்கள் மேல் கனமான கம்பளி ஒன்றைப் போர்த்தி, தடித்த கையுறையும் முகக் கவசமும் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டிக்கு மாற்றுங்கள். குளிரில் வாயு பீரிலேயே கரைந்து அடங்கும். இரண்டு நாள் கழித்து, துணி போர்த்தியபடியே, மூடியை இம்மி இம்மியாகத் தளர்த்தி வாயுவை விடுங்கள்.

அடுத்த ஜூலையில் பழத்தைக் கொதிக்க வைக்காதீர்கள். பெக்டின் வெளிவந்து பீர் கலங்கும், ஜாம் வாசனை வரும். கழுவி, காம்பு கிள்ளி, கொட்டையோடு இரண்டு நாள் உறைய வைத்தால் போதும். பனிக்கட்டி சதையைக் கிழித்துவிடும், கொட்டை முழுதாக இருக்கும். முதல் பொங்கல் அடங்கிய பீரில் அதைப் போட்டு, வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லாக் மாட்டுங்கள். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரை முக்கி நீர்ப்பாலைக் கண்டுபிடிப்பார்களே, அதே தத்துவத்தில் வேலை செய்யும் ஹைட்ரோமீட்டர் உங்களிடம் இருக்கும். ஒரு வார இடைவெளியில் மூன்று தடவை அளந்து, மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால்தான் பாட்டில். பிரெட்டனோமைசஸையும் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் அவசரமே கூடாது. வருஷம் ஒன்று ஆகட்டும், ஷாம்பெயின் பாட்டில் மாதிரி கனமான கண்ணாடியாகவும் தேடிக்கொள்ளுங்கள்.

பழம் வாங்கப் போகும் இடத்தில் ஒன்று விசாரியுங்கள். தோட்டத்து ஓரத்தில் யாரும் பறிக்காமல் உதிரும் கிழட்டுப் புளிப்புச் செர்ரி மரம் ஏதாவது நிற்கிறதா என்று. இருந்தால் முதலில் அந்தப் பழத்தை வாங்குங்கள்.